இன்னொரு கோட்டிங் ஏறட்டும்

பெரியவளே, போன வாரம் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக "முத்து எப்படி உண்டாகிறது" என்று நீ வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தாய். "சிப்பிக்குள் ஒரு மணல் துகள் விழுகிறது" என்று ஆரம்பித்தாய். மணல் இல்லம்மா என்றேன். யூடியூப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாய். மணல் இல்லை என்று மறுபடியும் சொல்லிவிட்டு வேனைக் கழுவ வெளியே போய்விட்டேன். கழுவின வண்டியையே அப்பா எதுக்குக் கழுவுறார் என்று நீ அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

நேரில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ப்ராஜெக்டுக்கு வேண்டியதை இதிலிருந்து எடுத்துக்கொள். மீதி உனக்கும் தம்பிக்கும்.

ரெட்டியார்பாளையத்தில் நாம் குடியிருந்த வீடு உனக்கு ஞாபகம் இருக்கும். தம்பிக்கு இருக்காது, அங்கிருந்து வரும்போது அவன் கைக்குழந்தை. கீழே நாம், மேலே வீட்டுக்காரர். அவரை நீ பெரியப்பா என்றும், அவர் வீட்டம்மாவைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டாய். ரத்த சொந்தம் எதுவும் இல்லை. அவர் மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி, ஏரிச் சிப்பி வளர்த்து, அதில் முத்து விளைவித்தார். முத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மாடியில் பார்த்தது.

அவரை நான் முதலில் பார்த்தது உப்பளம் ஏரியாவில், பழைய துறைமுகம் போகிற வழியில். அங்கே அவருக்கு ஒரு பெயிண்டிங் ஷெட் இருந்தது. கார், வேன் எல்லாம் வரும். நான் அப்போதுதான் பழைய வேன் ஒன்றை வாங்கி ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். கடல் காற்று பட்டுப் பட்டுத் தகரம் பொரிந்து போயிருந்தது. கோடை லீவில் அவரிடம் விட்டேன், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தருகிறேன் என்றார். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வேன் வரவில்லை. நான் ஒரு வாடகை வண்டியை வைத்து ஓட்டிக்கொண்டு தினமும் சாயந்திரம் போய் ஷெட் வாசலில் நிற்பேன். அவர் உப்புத்தாளால் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். "இன்னொரு கோட்டிங் ஏறட்டும் தம்பி" என்பார். அவ்வளவுதான்.

கடைசியில் வண்டி வந்தபோது சண்டை போட வாயே வரவில்லை. அந்த மஞ்சளில் என் முகம் தெரிந்தது. மற்ற டிரைவர்கள் எல்லாம் வந்து தடவிப் பார்த்தார்கள். பொறுமை என்றால் இதுதான் என்று நானே நாலு பேரிடம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். பிறகு வீடு மாற வேண்டி வந்தபோது, கீழ் வீடு காலியாக இருக்கிறது என்று அவரே கூப்பிட்டுக் கொடுத்தார்.

கூடக் குடியிருந்த பிறகுதான் அந்தப் பொறுமை எங்கெல்லாம் போகிறது என்று தெரிந்தது. அவர் எதையும் திறக்க மாட்டார். டிவி ரிமோட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறை கிழிந்து கறுத்துத் தொங்கும், பிரிக்க மாட்டார். மகள் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த சட்டை அட்டைப் பெட்டிக்குள்ளேயே மடிப்பு மஞ்சளடித்துக் கிடந்தது. மாம்பழம் வாங்கிவந்து அரிசிப் பானையில் வைப்பார். நல்லா பழுக்கட்டும், நல்லா பழுக்கட்டும் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் பெரியம்மா கறுத்த பழத்தை எடுத்து மாட்டுக்குப் போடுவார். பஸ் வந்தால் ஏற மாட்டார், பின்னாலேயே காலியாக ஒன்று வருகிறது என்பார். பெரியம்மா அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார்: "எங்க கல்யாணத்துக்கே மாப்பிள்ளை அடுத்த பஸ்ஸுலதான் வந்தாரு. தாலி கட்டச் சொல்லி ஐயர் மணி பார்க்கிறாரு, இவரு வில்லியனூர்ல நிக்கிறாரு."

அவர்களுக்கு ஒரே மகள். அந்தப் பெண் பன்னிரண்டாவது பரீட்சை எழுதி ரிசல்ட் வந்த அன்றைக்குத் தெரு முழுக்கப் பிள்ளைகள் போனும் கையுமாக நிற்கின்றன. இவர் மகளின் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதலில் சாப்பிடட்டும் என்றார். சாப்பிட்டாள். வெயில் தாழட்டும் என்றார். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். உங்க அம்மாதான் நம்பரைக் கேட்டு நம் போனில் பார்த்து, நல்ல மார்க்கு என்று கீழேயிருந்தே கத்தினாள். அவர் மாடிப்படியில் நின்று கேட்டார். சந்தோஷப்பட்டார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அவர் முகத்தில் நான் பார்த்தது வேறு. அடிக்கு ஒதுங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, முத்துக்கு வருகிறேன்.

பெயிண்ட் தூசி நெஞ்சில் சேர்ந்து இருமல் வந்ததும் ஷெட்டை மூடிவிட்டார். ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து மாடியில் தொட்டி கட்டினார். ஊசுட்டேரிப் பக்கத்திலிருந்து ஆட்கள் ஈரச் சாக்கில் சிப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள். கை அகலத்துக்குக் கறுப்பாக, ஊமையாக இருக்கும். பெரியம்மாவும் அவரும் உட்கார்ந்து பாசியைத் தேய்த்துக் கழுவுவார்கள். பிறகு சின்ன வலைப்பையில் போட்டுத் தொட்டித் தண்ணீரில் தொங்க விடுவார்கள். பச்சைப் பாசித் தண்ணீர்தான் அதற்குச் சாப்பாடு. நீ கூட ஒரு குவளையில் மொண்டு ஊற்றியிருக்கிறாய்.

சிப்பி மணலில்தான் பிறந்து மணலில்தான் கிடக்கிறது. உள்ளே போகிற ஒவ்வொரு மணலுக்கும் முத்து கட்டினால் ஏரி முழுக்க முத்தாகத்தான் இருக்கும். மணலை அது துப்பிவிடும். ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டினாற்போல அதற்கு ஒரு மெல்லிய தோல் உண்டு. ஓட்டையும், ஓட்டுக்குள் இருக்கிற பளபளப்பையும் பூசுவது அந்தத் தோல்தான். ஒரு புழு துளைத்துக்கொண்டு வந்தாலோ, அடிபட்டாலோ, அந்தத் தோலில் ஒரு துணுக்கு பிய்ந்து சதைக்குள் போய்விடும். போன இடத்தில் அது சும்மா இருக்காது. சின்னப் பை மாதிரி வளர்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே வேலையான பூசுகிற வேலையை அங்கேயும் செய்யும். பூச்சின் மேல் பூச்சு. அதுதான் முத்து. யாரும் கை வைக்காமல் தானாக உண்டாவது அப்படித்தான், ஆயிரத்தில் ஒன்றில் இருந்தால் உண்டு.

மனிதன் செய்வது, அந்த விபத்தை வேண்டுமென்றே உண்டாக்குவது. கடல் சிப்பியில், சிப்பி ஓட்டைக் கடைந்து செய்த ஒரு உருண்டை மணியையும், இன்னொரு சிப்பியின் தோல் துணுக்கையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள். மணி உருண்டையாக இருப்பதால் முத்தும் உருண்டையாக வரும். ஏரிச் சிப்பியில் மணி இல்லாமல் வெறும் தோல் துணுக்கை மட்டும் வைத்தாலும் விளையும். ஆனால் அது அரிசி மாதிரியும் மொச்சைக்கொட்டை மாதிரியும் கோணல்மாணலாக வரும். பெரியப்பா பாதிச் சிப்பிகளில் அப்படித்தான் வைத்தார். பீச் ரோட்டில் கோர்த்துத் தொங்கவிட்டு விற்பது பெரும்பாலும் கண்ணாடி மணிக்கு மேல் சாயம் தோய்த்தது. அதற்கும் சிப்பிக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு வகை உண்டு. அதுதான் நம் பெரியப்பாவுக்குப் பிடித்தது. சிப்பித் தூளைக் குழைத்து அச்சில் அழுத்திச் சின்னதாக ஒரு பிள்ளையார் செய்வார். சிப்பியைக் கொஞ்சமாக, நகம் நுழைகிற அளவுக்கு விரித்து, தோலை ஓட்டிலிருந்து மெதுவாக விலக்கி, பிள்ளையாரை நடுவில் வைத்து மூடிவிடுவார். தோல் அதன் மேலேயும் பூசும். ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம். திறந்தால் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு பளபளவென்று ஒரு பிள்ளையார் இருப்பார். பாதி முத்து அது. பின்பக்கம் கிடையாது.

இதில் ஒரு சங்கடம். வெளியிலிருந்து பார்த்தால் எந்தச் சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. திறந்தால்தான் தெரியும். திறந்தால் சிப்பி செத்துவிடும். அவருடைய சுபாவத்துக்கு இதைவிடத் தோதான தொழில் வேறு கிடையாது.

ஒரு வருஷம் ஆயிற்று, ஒன்றரை வருஷமும் ஆயிற்று. பயிற்சி கொடுத்தவர் காலாப்பட்டுப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவர் வீட்டுக்கும் வந்தார். திறந்துவிடலாமே என்றார். இவர் வழக்கமான பதிலைச் சொன்னார். வந்தவர் இறங்கிப் போகும்போது என்னிடம், "நல்ல மனுஷன், நல்ல பொறுமை" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்கிற எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

பெரியம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி இருந்தது அந்தச் சமயத்தில்தான் தெரிந்தது.

உனக்கு இதைப் படிக்க வெட்கமாக இருக்கலாம். நானும் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உடம்பில் ஒரு இடத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட்டுத்தான் பெரியம்மா முதலில் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். துணி துவைக்கிற இடத்தில் உங்க அம்மாவிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். பட்டாணி அளவுக்கு இருக்கிறது, வலி இல்லை, அவரிடம் காட்டினேன், அவர் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார், என்று.

உங்க அம்மா அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். பெரியம்மா அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் தீபாவளி கழியட்டும் என்றார். தீபாவளி கழிந்தது. கடலூரில் கட்டிக் கொடுத்த மகள் பிள்ளை பெற வந்திருந்தாள். பிரசவம் ஆகட்டும், இந்த நேரத்தில் பெண்ணைக் கலவரப்படுத்த வேண்டாம் என்றார். பிரசவம் ஆயிற்று. குழந்தைக்குப் பேர் வைக்கட்டும் என்றார். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். தனித்தனியாகக் கேட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

உங்க அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் மாடிக்கே போய்விட்டாள். நானும் பின்னால் போனேன். அவர் தொட்டியில் வலைப்பையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அக்காவை எப்ப ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறீங்க?" என்று நேராகக் கேட்டாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கையிலிருந்த சிப்பியைக் காட்டி, ஒரு வாத்தியாரைப் போலப் பொறுமையாக விளக்கினார். உடம்புக்குள் ஏதாவது உறுத்தினால் உடம்பே அதைச் சுற்றிப் பூசி மூடிவிடும், இந்தச் சிப்பியைப் பார், உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை நாள் நல்லபடியாக இருக்கிறது, மூடி இருக்கிற வரைக்கும் அதுக்கு ஒன்றும் இல்லை என்றார். பிறகு நம் ஊரில் எல்லாரும் சொல்வதையும் சொன்னார். "கத்தி வெச்சாதான் பரவும். தொறந்ததும் செத்துடுது பாரு, அது மாதிரி."

பெரியம்மா ஈரத் துணியை உதறிக்கொண்டே, "அப்ப என்னையும் தொட்டியில தொங்க விட்டுடுங்க" என்றார்.

உங்க அம்மா சிரிக்கவில்லை. பெரியம்மாவும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் லேசாகச் சிரித்தார். சரி, இந்தச் சிப்பியை எல்லாம் திறந்து முடிக்கட்டும், அடுத்த நாளே போய்க் காட்டிவிடலாம், வாக்கு என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு ஒரு நிம்மதி. எப்படியும் ஒரு மாதத்துக்குள் திறந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

அவர் திறக்கவில்லை. மழை போகட்டும் என்றார். பிறகு தண்ணீர் தெளியட்டும் என்றார். தொட்டியில் சில சிப்பிகள் தானாகச் செத்து வாயைப் பிளந்தன. ஒன்று அழுகினால் நாற்றம் தெரு முனைவரைக்கும் வரும். அந்தச் செத்த சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று கூட அவர் பார்க்கவில்லை. அப்படியே பாலித்தீன் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டார். இதை என் கண்ணால் பார்த்தேன். முத்து இருந்தாலும் இருக்குமே அண்ணே என்றதற்கு, போனது போகட்டும் என்றார்.

அந்தக் கட்டி பட்டாணி அளவிலேயே நின்றிருக்கவில்லை. பெரியம்மா இடது கையைத் தூக்கித் துணி காயப்போடுவதை நிறுத்தியிருந்தார். உங்க அம்மாதான் மேலே போய்ப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் சத்தம் கேட்டுப் போனேன். பெரியம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். தொட்டியில் தொங்கிய வலைப்பை எல்லாம் வெளியே கிடக்கிறது. பக்கத்தில் ஒரு அலுமினிய அன்னக்கூடை. கையில் மீன் அரிகிற கத்தி. ஒவ்வொரு சிப்பியாக எடுத்து, கத்தியை இடுக்கில் விட்டுத் திருகித் திறந்துகொண்டிருந்தார். வலது கையால்தான், இடது கையை மடியிலேயே வைத்திருந்தார். பிடிக்க முடியாத சிப்பியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். உங்க அம்மா எதிரில் உட்கார்ந்து சதையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், பெரியம்மா அழவில்லை.

கடைக்குப் போயிருந்த பெரியப்பா பால் பாக்கெட்டோடு வந்து மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றார். நிறுத்து என்று சொல்லவில்லை. கிட்டேயும் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா நல்லா ஏறியிருக்கும்" என்றார்.

பெரியம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பல சிப்பிகளில் ஒன்றும் இல்லை. சிலவற்றில் அரிசி மணி போல, இளஞ்சிவப்பாக, நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்தன. ரெண்டு மூன்று பழுப்பாக, பல்லில் கறை பிடித்த மாதிரி. ஒன்றே ஒன்று சுண்டைக்காய் அளவில், ஏறக்குறைய உருண்டையாக, நிஜமாகவே அழகாக இருந்தது. எப்போதோ விளைந்து முடிந்து சும்மா கிடந்திருக்கிறது. பிறகு பிள்ளையார் வைத்த சிப்பிகளைத் திறந்தார். ஓட்டில் பளபளவென்று ஒரு மேடு தெரிந்தது. தும்பிக்கை இல்லை, காது இல்லை, முகமே இல்லை. அளவுக்கு மேல் பூசிப் பூசி எல்லாம் மழுங்கிப் போயிருந்தது. ஒரு கூழாங்கல்லைப் பாதியாக வெட்டி ஒட்டின மாதிரி இருந்தது. பெரியம்மா கட்டைவிரலால் அதைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அப்புறம் அந்த ஓட்டை அவர் நின்ற பக்கம் தரையில் தள்ளினார்.

"சிப்பி தொறந்த பிறகு போலாம்னீங்க. தொறந்தாச்சு. கெளம்புங்க."

மறுநாள் என் வேனில்தான் போனோம். ஸ்கூல் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். அவர், "வலி இல்லைன்னு சொன்னா மேடம்" என்றார். அதைக் கேட்டு உங்க அம்மா அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள். வராந்தாவில் என்னிடம், இனிமேல் அந்த ஆளை அண்ணன் என்று கூப்பிட மாட்டேன் என்றாள். இன்றைக்கு வரைக்கும் கூப்பிடவில்லை. பெரியம்மா தவறிய பிறகு அவர் கடலூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். தீபாவளிக்கு எனக்குப் போன் வரும். நான் பேசுவேன், அவள் பேச மாட்டாள். உங்க அம்மா ஏன் இப்படி என்று நீ ஒருமுறை கேட்டாயே, இதனால்தான்.

நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். முதலிலேயே வந்து கட்டியை எடுத்துக்கொண்ட நிறைய பேர் பல வருஷம் நன்றாக இருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். சிப்பிக்கும் மனுஷிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. உடம்பு சில சமயம் எதையும் மூடுவதில்லை. கத்தி வைத்தால் பரவும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சும்மா விட்டால்தான் பரவும். உங்களுக்கு எங்கே என்ன இருந்தாலும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், அன்றைக்கே எங்களிடம் சொல்லுங்கள். நான் "சரி, பார்ப்போம்" என்று இழுத்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். அவள் இழுக்க மாட்டாள்.

பிறகு பெரியப்பா அடியோடு மாறிப்போனார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டார். மாத்திரை நேரத்துக்கு முன்னாலேயே தண்ணீரோடு வந்து நிற்பார். ஆட்டோ சிக்னலில் நின்றால் டிரைவரைத் திட்டுவார். ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுவதற்கு முன்னால் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சத்தம் போடுவார். சென்னைக்குப் போகலாம், கேரளாவில் யாரோ மருந்து கொடுக்கிறாராம், இப்பவே கிளம்பலாம் என்பார். பெரியம்மா கட்டிலில் படுத்தபடி அந்த ஓட்டத்தை எல்லாம் வேடிக்கை பார்ப்பார். "உக்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மகள் வந்து அழும்போதும், பேரக் குழந்தையை மேலே படுக்க வைத்துக் கொஞ்சும்போதும், அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்.

அவர் செய்ததை இன்றைக்கு வரைக்கும் என்னால் ஒரு பக்கமாக எழுதித் தள்ள முடியவில்லை. கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. நீ காய்ச்சலில் கிடந்தபோது மழையில் போய் மருந்து வாங்கி வந்தவர். உள்ளே கெட்டது இருந்துவிடுமோ என்ற பயம்தான் அவருக்கு. ஊரில் எல்லாரும் அதற்குப் பொறுமை என்று பேர் வைத்தோம்.

ஒரு மத்தியானம் மேல் வீட்டு ஃபேன் ஓடவில்லை, புழுக்கத்தில் பெரியம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போய் ஸ்டூல் போட்டு ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பெரியம்மா முன் அறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. பெரியப்பா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். நான் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டாரோ, இல்லை நான் இருப்பதால்தான் கேட்கத் தைரியம் வந்ததோ, தெரியாது.

"என் மேல கோவமா இருக்கியா?" என்று கேட்டார்.

பெரியம்மா முகத்தை அவர் பக்கம் திருப்பினார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"கோவம் இல்ல. மொத நாள் நீங்க கை வெச்சுப் பார்த்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு. உங்க மூஞ்சியில நான் பார்த்தேன். உங்க வாயால சொல்வீங்கன்னுதான் நானும் காத்திருந்தேன்."

விசிறி நின்றுவிட்டது. அவர் எழுந்தார். கட்டில் ஓரத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, தண்ணி கொண்டாரேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் ரெகுலேட்டரை மாட்டி, ஃபேனைப் போட்டு, ஸ்டூலை எடுத்து வைத்து, பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வரைக்கும் அவர் வெளியே வரவில்லை.